பூங்கா நிலையத்தில் வேளச்சேரி வண்டி ஏன் வரவில்லை?

நீங்கள் காத்திருந்த சென்னை பூங்கா நிலையத்தில் வேளச்சேரி வண்டி நிற்பதில்லை. அது நிற்பது சற்றுத் தள்ளியுள்ள பூங்கா நகர் நிலையத்தில். சென்ட்ரலில் இறங்குவோர் ஒரே பெயர்தானே என்று எண்ணி முதலில் கண்ணில் படும் நிலையத்துக்குள் நுழைந்துவிடுவதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும்.

பூங்கா நிலையம், 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் தடத்தைச் சேர்ந்தது. பூங்கா நகரோ, 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலாப்பூர் வரையிலும் 2007இல் வேளச்சேரி வரையிலும் படிப்படியாக நீண்ட பறக்கும் ரயில் தடத்தின் நிலையம். கோட்டை நிலையம் வரை இரு தடங்களும் அருகருகே வந்து, அதன் பிறகே பிரிகின்றன.

அடுத்த முறை நடைமேடையில் மஞ்சள் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: ‘நகர்’ என்ற சொல் இருந்தால் சரியான இடம். தவறாக பூங்காவில் ஏறிவிட்டால் எழும்பூருக்குப் போய்விடுவீர்கள்; எதிர்த்திசை வண்டியில் திரும்பி வந்து கோட்டையிலோ கடற்கரையிலோ மாறிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: கடற்கரை–எழும்பூர் இடையே நான்காவது ரயில் பாதை அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை வேளச்சேரி வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்துதான் புறப்பட்டன. அக்காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டுதல்களை இப்போது நம்ப வேண்டாம்.