ஐஎல்-2 என்ற போர்விமான விளையாட்டில் என் தலை அசைவுக்கு ஏற்பத் திரும்ப வேண்டிய காக்பிட் பார்வை குதிக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. தலை அசைவைப் பின்தொடரும் ட்ராக்ஐஆர் கருவியை வாங்கினால்தான் தீருமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஹெட்ஃபோனில் மாட்டிய மூன்று எல்இடி கிளிப், ஒரு வெப்கேம், தலை அசைவைக் கணக்கிடும் ஓப்பன்ட்ராக் மென்பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இதே அமைப்பில்தான் நாலு வருடமாகப் பறக்கிறேன். நீங்கள் சொல்லும் கோளாறுகள் எல்லாம் எனக்கும் வந்தவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் குதிப்பது. கேமரா உங்கள் தலையைப் பார்ப்பதில்லை, மூன்று வெளிச்சப் புள்ளிகளைத்தான் பார்க்கிறது. நாலாவதாக ஒரு புள்ளி எங்கிருந்தாவது வந்துவிட்டால் எது எல்இடி என்று அதற்குத் தெரியாது. என் அறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும், அப்புறம் வெடுக்கென்று பார்வை வலது மூலைக்குப் போய் நின்றுவிடும், ராத்திரியில் ஒரு தொந்தரவும் இருக்காது. மென்பொருளில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போய், ஒருநாள் ஓப்பன்ட்ராக்கில் கேமரா படத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு தலையை அசைக்காமல் கவனித்தேன். மூன்று புள்ளி சரியாக இருந்தது, மேலே ஓரத்தில் நாலாவதாக ஒன்று, கொஞ்சம் நீளவாக்கில். திரும்பிப் பார்த்தால் பின்னால் அலமாரியில் அம்மா கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. குடத்தை இறக்கி வைத்தேன், பார்வை அசையாமல் நின்றது.

கிளிப்பின் எல்இடிகள் தருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வெயிலிலும் அது நிறைய உண்டு, பழைய குண்டு பல்பிலும் அப்படித்தான். அறைக்குப் போடும் எல்இடி பல்பில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள், பீரோ கண்ணாடி கேமராவுக்கு எதிரே இருந்தால் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். லென்ஸுக்கு முன்னால் பழைய கலர் நெகட்டிவ் சுருளின் கறுத்த நுனியை இரண்டு மடிப்பாக வெட்டி ஒட்டினால் சாதாரண வெளிச்சம் தடுக்கப்பட்டு அகச்சிவப்பு மட்டும் உள்ளே போகும் (நான் எடுத்தது அக்கா கல்யாண நெகட்டிவின் நுனி, அதில் படம் எதுவும் இல்லை). ஆனால் பெரும்பாலான வெப்கேம்களில் லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றினால்தான் இந்த நெகட்டிவ் வேலை செய்யும். கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ எக்ஸ்போஷரையும் நிறுத்திவிடுங்கள். அறை இருட்டாக இருந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், நொடிக்கு 30 வர வேண்டியது 15க்கு இறங்கும், அதுவும் உங்களுக்குக் குதிப்பதாகத்தான் தெரியும்.

தலையை நன்றாகத் திருப்பும்போது மட்டும் குதித்தால் குற்றம் எல்இடியில். முனை குவிந்த எல்இடி நேராகத்தான் வெளிச்சம் அடிக்கும், முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், பக்கவாட்டிலும் பரவும்.

அடுத்தது, இடப்பக்கம் திருப்பினால் விமானி கண்ணாடியில் போய் முட்டுவதுபோல் சாய்கிறது என்கிறீர்களே, அது. கிளிப் இருப்பது காது பக்கம், தலை சுழல்வதோ கழுத்தை அச்சாகக் கொண்டு. நீங்கள் திரும்பினாலே கிளிப் ஒரு வளைவில் நகர்கிறது, மென்பொருள் அதை நீங்கள் நகர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. கிளிப்பின் அளவுகளை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து ஓப்பன்ட்ராக்கில் போடுங்கள், கழுத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு அங்கேயே ஒரு கேலிப்ரேஷன் இருக்கிறது, உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் நாலு பக்கமும் திருப்பினால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இதைச் செய்யாமல் வேறு எதைத் திருத்தினாலும் வீண்.

நிஜத் தலை எவ்வளவு திரும்பினால் விமானியின் தலை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஓப்பன்ட்ராக்கில் வரையும் வளைகோடு ஒன்று இருக்கிறதே, உண்மையில் உயிரே அதில்தான். கண் திரையை விட்டுப் போகக் கூடாது, ஆகவே நிஜத் தலை 30 டிகிரி திரும்பும்போது விமானியின் தலை 150 டிகிரியாவது திரும்பியாக வேண்டும். அதை நேர்கோடாக வைத்தால் மூச்சு விடுவதற்குக்கூட குறி ஆடும். நடுவில் முதல் நாலைந்து டிகிரிக்குக் கோட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து அப்புறம் மெல்ல ஏற்றுங்கள். பார்வையை மறுபடி நேராக்கும் சென்டர் பட்டனை ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள், ஹெட்ஃபோன் வேர்வையில் சறுக்கிக்கொண்டேதான் இருக்கும், நம் ஊரில் அதைத் தவிர்க்க முடியாது.

ட்ராக்ஐஆர் 5 நொடிக்கு 120 படம் எடுக்கிறது, அசைவு வழவழப்பாக இருக்கும் என்பது நிஜம்தான். ஆனால் அதுவும் அகச்சிவப்புப் புள்ளிகளைத்தான் தேடுகிறது, வெயில் பட்ட குடம் அதையும் ஏமாற்றும்.

கடைசியாக, ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109ல் குறி வளையம் பாதிதான் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதில் எதையும் திருத்தாதீர்கள். நிஜ விமானத்திலேயே ரெவி குறிபார்ப்பான் நடுவில் இல்லை, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தது. அந்த மாதிரிக் கருவியில் கண் கண்ணாடிக்கு நேராக வந்தால்தான் வளையம் முழுதாகத் தெரியும். சுடப்போகும்போது தலையை லேசாக வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், வளையம் நிறைந்து நிற்கும்.