முகாமிலிருந்து திரும்பியவர்களுக்காக எப்படிக் குரல் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பல ஆண்டுகள் இருந்த ஒன்பது குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. கூலி வேலை கிடைத்தால்தான் அடுப்பு எரிகிறது. அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவும் இல்லை. ஊரார் எல்லோரும் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம், பதில் வரவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளராக நான் இனி என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய மனுவின் பிரதியைப் படித்தேன். "வறுமையில் வாடும் இக்குடும்பங்களுக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகிறது. எதை, யார் செய்வது? கையில் வாங்கிய அலுவலர் மனம் இரங்கினாலும், அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவார். ஒன்பது வீட்டிலும் ஒரே பசிதான். ஆனால் முடிச்சு விழுந்த இடம் வீட்டுக்கு வீடு வேறு.

அதனால் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் எங்கே பிறந்தார், கையில் என்ன பத்திரம் உண்டு, எந்த அலுவலகத்துக்கு என்றைக்குப் போனார், அங்கே என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அவர்களின் சம்மதத்தோடு எழுதுங்கள். அந்த வீடுகளின் படங்களை முகநூலில் போட்டு உதவி கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைகள் நாளை அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வருவார்கள். முகாம் அட்டை, மகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்த பழைய அடையாள அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். பாயில் வரிசையாகப் பரப்பி, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இங்கே கணபதிப்பிள்ளையாக இருந்தவர் அங்கே கணபதி ஆகியிருப்பார். இந்த ஒரு வித்தியாசத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரஜாவுரிமை. பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். இந்தியாவில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதால் மட்டும் தானாகவே இலங்கைப் பிரஜையாகிவிடுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவின்கீழ் அந்தப் பிறப்பைப் பதியவேண்டும். ஓராண்டுக்குள் பதியவேண்டும் என்பது விதி; தக்க காரணம் காட்டினால் பிந்தியும் பதிய இடமுண்டு. சென்னையிலுள்ள துணை உயர்ஸ்தானிகராலயத்தில் முன்பே பதிந்தவர்கள் யார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு இல்லாத பிள்ளை வளர்ந்ததும் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு முதல் நிரந்தர வேலை வரை எல்லாம் தடைப்படும்.

ஆனால் இந்த வேலைக்குக் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகவேண்டும். இரவு பஸ், இரண்டு நாள் கூலி, பிள்ளையின் சாப்பாடு. ஒரு பத்திரம் குறைந்தால் மறுபடியும் அதே பயணம். நாட்கூலிக் குடும்பம் ஒன்று இதை எத்தனை தடவை தாங்கும்? எனவே உங்கள் சங்கத்தின் முதற் கோரிக்கை, அந்தத் திணைக்களத்தின் நடமாடும் சேவை ஒன்றை மாவட்டத்துக்கு அழைப்பதாக இருக்கட்டும். கிரான், வாழைச்சேனைப் பக்கத்துச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, இத்தனை பேருக்குப் பத்திரம் தயார், இத்தனை பேருக்கு இன்னின்னது குறைவு என்று பெயர்ப் பட்டியலோடு மாவட்டச் செயலாளருக்கு எழுதுங்கள். ஆட்களின் எண்ணிக்கை தெரிந்தால் அலுவலர்களை அனுப்புவது அவர்களுக்கும் இலகு.

இதற்கிடையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதிபர் தயங்கினால் வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்லுங்கள்.

அஸ்வெசும விடயத்தில் "ஏழைகள்" என்று எழுதுவதால் பயன் குறைவு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் தெரிவு நடக்கிறது. மேன்முறையீட்டிலும் அதே மொழியில் பேசுங்கள்: தகரக் கூரை, மலசலகூடம் இல்லை, நீண்டகால நோயாளி ஒருவர், சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர்கள் ஆறு பேர்.

பதில் வராத மனுவுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எந்தக் கோப்பில் இருக்கிறது, என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது என்று அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைச் சொல்லவேண்டும். இந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டுமே என்றாலும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள ஓர் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். பத்திரமில்லாதவருக்காக உங்கள் சங்கமே கேட்கமுடியும் என்பது எத்தனை பெரிய வசதி! திருக்கோவில், பொத்துவில் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

பிரதேச செயலாளரைச் சந்திக்கும் நாளில் நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். முகாமில் இருந்த தாய் ஒருவர் தன் வாயால் சொல்லட்டும். என்ன கேட்கப்போகிறோம் என்பதை முதல்நாளே அவருடன் இருந்து பேசிப் பழகுங்கள். கொப்பியோடு பக்கத்தில் இருங்கள். திகதியில் அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை விழும்வரை எழுந்து வராதீர்கள்.