ஜூலை வெயிலில் பாலைவன ஏரிக்கரையில் கேம்ப் போட்டால் பாஸ் மீன் கடிக்குமா?

நீங்கள் கேட்டது இது. ஜூலையில் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள், அங்கிருந்து குடும்பத்தோடு பவல் ஏரிக்கரையில் நாலு நாள் டென்ட் போட்டுத் தங்கி பாஸ் மீன் பிடிக்க ஆசை, அந்த வெயிலில் மீன் கடிக்குமா, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா என்று போட்டிருந்தீர்கள். நானும் அதே பக்கம், கொழிஞ்சாம்பாறைக்காரன். அதே ஜூலையில், அதே ஏரிக்கு, 2023ல் என் தம்பி குடும்பத்தோடு போய்விட்டு வந்தவன். அதனால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடிக்கும். நன்றாகவே கடிக்கும். ஆனால் விடிவதற்கு முன்னால் தொடங்கி ஒன்பது மணி வரை, அப்புறம் வெயில் தாழ்ந்த பிறகு, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஏழெட்டு மணி நேரத்தை மீனுக்குக் கொடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதில்தான் தவறினோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மார்ச்சிலேயே வாயை உலர்த்திவிடும், 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. நான் தூண்டில் பழகியது அந்த மாதிரி மாதங்களில்தான். எருத்தேம்பதி பக்கம் எங்கள் மாமாவின் தோப்புக்குள் ஒரு குளம் உண்டு. பள்ளி விடுமுறையில் நாலரை மணிக்கே எழுப்பிவிடுவார். மண்புழுவும் தவளைக்குஞ்சும் அவர் கையில், டார்ச் என் கையில். எட்டரை ஆனதும் "போதும்டா, வெயில் ஏறினா மீனும் திண்ணைக்குப் போயிரும்" என்று தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். திண்ணை என்று அவர் சொன்னது பனைமர நிழல் விழும் ஓரத்தையும், மோட்டார் தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் மூலையையும். ஒன்று நிழல், இன்னொன்று புதுத் தண்ணீர். பவல் ஏரியில் நான் தேடியதும் இந்த இரண்டைத்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டக் கணக்கில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் நிற்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். அதே சமயம் மீனின் உடம்புக்கு, அது குளிர் ரத்தப் பிராணி என்பதால், சூட்டில் செலவு கூடும். அதனால் கோடையில் மீனுக்குப் பசி போய்விடும் என்று நினைக்காதீர்கள், பசி கூடத்தான் செய்யும். குறைவது வேட்டையாட வசதியான நேரம் மட்டும். கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வெறியோடு தின்னும்.

நம் விராலை வைத்து பாஸை எடை போட்டால் ஓர் இடத்தில் ஏமாந்துபோவீர்கள். விரால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன், சேறு கலங்கிய சூட்டுக் குளத்திலும் சமாளிக்கும். பாஸுக்கு அந்த வசதி இல்லை, செவுள் மட்டும்தான். அதனால் அது தண்ணீரின் சூட்டைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். பவல் ஏரியில் மூன்று வகை பாஸ் முக்கியம். பெரிய வாய் பாஸ் ஓரளவு சூடு தாங்கும், சுமார் 27 டிகிரித் தண்ணீரில் நன்றாக வளரும், புதர், மரக்கட்டை, நிழல் இருக்கும் ஓரம் அதற்குப் பிடிக்கும். சின்ன வாய் பாஸுக்கு கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும், பாறை விளிம்புகளில் நிற்கும். கோடுகள் போட்ட ஸ்ட்ரைப்பர் பாஸ் கூட்டமாகத் திரியும், அதில் பெரிய மீன்களுக்குச் சூடு ஆகாது, ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆழமான ஏரி என்பதால் கோடையில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே குளிக்கிற பதத்தில் வெதுவெதுப்பு, முப்பது நாற்பது அடிக்குக் கீழே போனால் குளிர். நம் தோப்புக் குளத்தில் இந்தக் கதையே கிடையாது, எட்டடி ஆழத்தில் எங்கே அடுக்கு பிரிவது?

நாங்கள் டென்ட் போட்டது லோன் ராக் என்ற மணல் கரையில். ஃபீனிக்ஸிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டர், பேஜ் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் வரும். கரை யூட்டா மாநிலம், பேஜ் அரிசோனா. நமக்கு கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டுவது போலத்தான், நடந்தே மாநிலம் மாறிவிடலாம் என்று தோன்றும் தூரம். எந்த மாநிலத்துத் தண்ணீரில் தூண்டில் போடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து லைசென்ஸை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், தம்பி யூட்டா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான். இன்னொன்று, அரிசோனாவில் கோடைக்கு கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டாவில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். முதல் நாள் எங்கள் நாலரை மணி அலாரம் அரிசோனா கணக்கில் மூன்றரைக்கே அடித்தது. தூக்கம் போனாலும் இருட்டிலேயே கரைக்குப் போய் நிற்க முடிந்தது, அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன்.

அந்த வருடம் மலைப்பனி நிறைய உருகி வந்து, வசந்த காலத்தில் கிடந்த மட்டத்திலிருந்து ஏரி 60 அடிக்கு மேல் ஏறியிருந்தது. கரையில் காய்ந்து கிடந்த புதர்கள் எல்லாம் தண்ணீருக்குள். நம் ஊரில் மழைக்குப் பிறகு குளம் வரப்பைத் தொட்டு நிற்கும்போது புல்லுக்குள் மீன் ஏறுமே, அதே காட்சி. முங்கிய புதர் ஓரத்தில் மேல்மட்ட லூரை, அதாவது தண்ணீர் மேல் மிதக்கும் செயற்கை இரையை, மெதுவாக இழுத்தேன், நான்காவது வீச்சிலேயே பெரிய வாய் பாஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. விரால் அடிப்பது கட்டையால் அடித்த மாதிரி 'டொப்' என்று இருக்கும். பாஸ் கவ்வியதும் வெளியே குதித்துத் தலையை உதறும். நரம்பு தளர்ந்தால் முள்ளைத் துப்பிவிடும், அதனால் தூண்டில் கம்பின் நுனியைத் தாழ்த்தி இழுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

சூரியன் மேலேறி, பாறைச் சுவரின் நிழல் சுருங்கச் சுருங்க, நாங்களும் நிழலோடு நகர்ந்தோம். ஏழரைக்கு மேல் ரப்பர் புழுவை ஈயக்குண்டோடு பாறை விளிம்பில் பதினைந்து இருபது அடிக்கு இறக்கினால் சின்ன வாய் பாஸ் கிடைத்தது. ஒரு காலை குஞ்சு மீன் கூட்டத்தை ஸ்ட்ரைப்பர்கள் மேலே விரட்டி வந்து அடித்ததையும் பார்த்தோம். உலையில் தண்ணீர் கொதிப்பது போல ஏரியின் ஒரு துண்டு மட்டும் கொப்பளித்தது. இரண்டு நிமிடம்தான். அது முடிவதற்குள் எதை வீசினாலும் கவ்வும்.

ராத்திரி ஸ்ட்ரைப்பருக்கு அங்கே போடும் இரை என்ன தெரியுமா? நெத்திலி! உறையவைத்த பாக்கெட்டில் வாங்கி, மூன்றாக வெட்டி, முள்ளில் கோத்து நாற்பது ஐம்பது அடிக்கு இறக்குகிறார்கள். பச்சை விளக்கு ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நுண்ணுயிர்கள் கூடும், அதைத் தின்னக் குஞ்சு மீன் வரும், அதன் பின்னால் ஸ்ட்ரைப்பர் வரும். படகு கிடைத்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். குடும்பத்தோடு கோடையில் மீன் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, வெயில் இல்லை, பிள்ளைகளும் கூட உட்காரலாம். பவலில் ஸ்ட்ரைப்பருக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது, பெருகிக் கிடக்கிறது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறார்கள். மற்ற பாஸைத் திரும்ப விடுவதாக இருந்தால் சூட்டுத் தண்ணீரில் நேரம் கடத்தாதீர்கள். சீக்கிரம் இழுத்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றி விடுங்கள். போட்டோவுக்காக மணலில் போட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று நம்ப முடியாது. சமையலுக்கு வைத்தால் உடனே குடலை எடுத்து ஐஸில், அரை மணி நேரம் வாளியில் கிடந்தாலே சதை குழைந்துவிடும்.

இப்போது பிள்ளைகள் விஷயம். இரண்டாம் நாள் மீன் ஒன்பதரைக்கும் கடித்துக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் இன்னும் ஒரு வீச்சு, இன்னும் ஒரு வீச்சு என்று பதினொன்றரை வரை நின்றுவிட்டோம். தம்பி மகனுக்கு ஒன்பது வயது, எங்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீரில்தானே இருக்கிறான், குளிர்ச்சியாக இருப்பான் என்று நினைத்தோம். "பெரியப்பா, தலை வலிக்குது" என்று வந்து நின்றவன் அடுத்த நிமிடம் வாந்தி எடுத்தான். முகம் வெளிறி, கேட்ட கேள்விக்கு எரிச்சலாகப் பதில். காலையிலிருந்து ஒரு டம்ளர் ஜூஸ் தவிர எதுவும் குடிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. காரில் ஏசி போட்டு, ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டே பேஜுக்கு ஓட்டினோம். வெப்பக் களைப்பு, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். அந்த இருபது நிமிடம் தம்பி மனைவி பின்சீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது இன்னும் என் மனசில் நிற்கிறது. தூண்டிலைப் பார்த்த கண்ணால் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் சட்டை நனைந்துவிடும், அதுவே எச்சரிக்கை. அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்வை வந்தது தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதம். ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது நாலு லிட்டர் தண்ணீர் என்பது அந்த ஊர் தேசியப் பூங்காத் துறைக்காரர்கள் சொல்லும் கணக்கு, சமையலுக்குத் தனி. ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப் போங்கள், தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை நீங்களே கொடுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, நினைவு தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடனே அந்த ஊர் அவசர எண் 911ஐ அழையுங்கள்.

லோன் ராக்கில் மர நிழல் என்பதே இல்லை. பகலில் டென்டுக்குள் இருக்கவே முடியாது, பக்கம் திறந்த பெரிய பந்தல் மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். மணலில் சாதாரண முளை நிற்காது, ஜூலையில் அங்கே மழைக்காலக் காற்று மத்தியானத்துக்கு மேல் திடீரென்று கிளம்பும், பக்கத்து டென்ட் ஒன்று உருண்டுகொண்டே தண்ணீருக்குள் போனதை நான் பார்த்தேன். பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டிப் புதைத்து வையுங்கள். மலைப் பக்கம் இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள், வறண்ட ஓடைத் தடத்தில் டென்ட் போடவே வேண்டாம், மழை எங்கோ பெய்து வெள்ளம் உங்களிடம் வரும். நாங்கள் மூன்றாம் நாளிலிருந்து பத்து மணிக்கு எல்லோரும் காரில் ஏறி பேஜுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பினோம், மீன் கணக்கில் எந்த நஷ்டமும் வரவில்லை.

தேதி உங்கள் கையில் இருந்தால் அக்டோபருக்கு மாற்றப் பாருங்கள். வெயிலும் இறங்கியிருக்கும், தண்ணீரும் இதமாக இருக்கும், பகல் பூராவும் கடிக்கும். வசந்த காலமும் நல்ல சீசன் என்பார்கள், எனக்கு மனசு வராது, அப்போது ஆண் பாஸ் கூடு கட்டி முட்டைக்குக் காவல் நிற்கும். செங்குஞ்சுக் கூட்டத்தோடு விரால் போவதைக் கண்டால் எங்கள் மாமா அந்த மூலையில் மூன்று வாரத்துக்குத் தூண்டிலே போடமாட்டார்.