கட்டணத்தை விட ஒப்பந்தத்தின் அந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்

வாடிக்கையாளர் தரும் ஒப்பந்தத்தில் கட்டணமும் குறைவு, 'கட்டடம் அதன் நோக்கத்துக்குப் பொருந்தும் என உத்தரவாதம் தருகிறேன்' என்ற வரியும் இருக்கிறது, ஆர்க்கிடெக்டான நான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே போடாதீர்கள். கட்டணத்தை விட அந்த வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆர்க்கிடெக்டின் வழக்கமான கடமை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வது. விளைவுக்கே உத்தரவாதம் கொடுத்துவிட்டால், தவறே செய்யாவிட்டாலும் நீங்கள்தான் பொறுப்பு. தொழில்முறைக் காப்பீடு பொதுவாக அதை ஏற்காது, கைக்காசுதான் போகும். அதை நீக்கச் சொல்லுங்கள், நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் கேளுங்கள். அப்புறம், வரைபடங்களின் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். பணம் வந்தபின் பயன்படுத்தும் உரிமையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தால் போதும். கட்டணம் குறைந்தால் வேலையின் அளவையும் எழுத்தில் குறையுங்கள். அவர்கள் எதற்குமே இறங்கி வரவில்லையா, இந்த வேலை போனால் போகட்டும்.