பெருவின் சான்கை கல்லறைகளில் கிடைக்கும், கை நீட்டி நிற்கும் சுடுமண் பாவைகளுக்கு என்ன பொருள்?

‘குச்சிமில்கோ’ எனப்படும் பாவைகளைக் கேட்கிறீர்கள். லிமாவுக்கு வடக்கே, சான்கை பள்ளத்தாக்கை ஒட்டிய கடற்கரையில் ஏறக்குறைய கி.பி. 1000 முதல் 1470 வரை செழித்த பண்பாட்டின் ஈமப்பொருள்கள் இவை. கருவளத் தெய்வம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர்களிடம் எழுத்து கிடையாது. அதனால் பாவையின் உடம்பையும் அது கிடந்த இடத்தையும்தான் படிக்க வேண்டும். பெரும்பாலானவை பெண் உருவங்கள். குட்டைக் கைகள் பக்கவாட்டில் நீண்டிருக்கும், தலை அகன்று தட்டையாக இருக்கும், கண்ணைச் சுற்றிக் கருந்தீட்டல் இருக்கும். உடம்பில் ஆடை வனைந்திருக்காது. கருவள வாதம் இந்த நிர்வாணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பல பாவைகளின் தலை விளிம்பில் துளைகள் உண்டு. முடியோ இறகோ நூலோ கோக்கத்தான் அவை பயன்பட்டிருக்க வேண்டும். துணி உடுத்திய நிலையிலும் சில கிடைத்திருக்கின்றன. மெல்லிய சல்லடைத் துணி நெய்வதில் பேர்போன மக்கள் பாவைக்கு மட்டும் உடுத்தாமல் விட்டிருப்பார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஆடை இழந்த பாவை.

ஆணும் பெண்ணுமாக இணையாக வைத்த பாவைகளும் உண்டு. ஆண்டீஸ் மலைப்பகுதிப் பண்பாடுகளில் எதையும் இணையாகப் பார்க்கும் வழக்கத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆகவே இறந்தவருக்குத் துணையாகவோ வரவேற்பாகவோ வைத்தார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காவல் என்பாரும் உண்டு. ஆனால் கையில் ஆயுதம் இல்லை. இதற்கு மேல் உறுதி கிடைக்காததற்குக் காரணம் கல்லறைக் கொள்ளை. எந்தப் பாவை யார் பக்கத்தில், ஆணுடனா குழந்தையுடனா இருந்தது என்ற தகவல் தோண்டியவரோடு போய்விட்டது.

பெரியவை உள்ளே பொள்ளல். முன்பாதியையும் பின்பாதியையும் அச்சில் அழுத்தி எடுத்து, ஈரக் களிமண்ணால் ஒட்டி, வெண்களிமண் கரைசல் பூசி, கரும்பழுப்பில் தீட்டிச் சுட்டார்கள். அந்த வெண்பூச்சு மாவு போல எளிதில் உதிரும். தண்ணீரில் கழுவவே கூடாது: பாலைமண்ணிலிருந்து ஏறிய உப்பு கரைந்து, காயும்போது மேற்பரப்பில் படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

போலிகள் ஏராளம். வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சுட்ட காலத்தைக் காட்டும். ஆனால் பழைய உடைசல்களைப் புதுக் களிமண்ணோடு ஒட்டிச் செய்த பாவையில், மாதிரி எடுத்த துண்டு பழையதாக இருந்தால் முழுப் பாவையும் பழையது போலத் தெரியும். தலையிலிருந்தும் காலிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.