மணியடித்தும் வராத செவிலியர்: நர்சிங் சேர்க்கத் தயங்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

மகள் பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள், ஆனால் தை மாதம் அப்பத்தாவை மருத்துவமனையில் வைத்திருந்தபோது கண்டதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ட்ரிப்ஸ் தீர்ந்து, குழாயில் ரத்தம் மேலேறிய பின்னும் மணியடித்து அலுத்தது, கடைசியில் வந்த செவிலியர் முகங்கொடுத்துப் பேசாதது, இவை யாரையும் கலங்க வைக்கும்.

அந்த வார்டில் 22 கட்டில்கள், இரவு முழுவதும் ஒரே செவிலியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டிலுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு சுற்று முடிய 3 மணி 40 நிமிடம் ஆகும். கேஸ் ஷீட் எழுதுவதும் மருந்து எடுத்து வைப்பதும் தனி. வேலை தலைக்கு மேல் போகும்போது ஊசியும் மாத்திரையும் பெரும்பாலும் நடந்துவிடும், ஏனெனில் அவற்றுக்குப் பதிவு உண்டு. விட்டுப்போவது ஆறுதலாக நின்று பேசுவதும், எதற்கு இந்த மருந்து என்று விளக்குவதும், புரட்டிப் படுக்க வைப்பதுமே. வீடு திரும்பிய நோயாளி நினைவில் வைத்திருப்பதும் அவற்றைத்தான். அமெரிக்காவில் நோயாளிகளிடம் நடத்தப்படும் கருத்துக் கணிப்பில், அழைத்ததும் உதவி கிடைத்ததா, செவிலியர் காது கொடுத்துக் கேட்டார்களா என்ற கேள்விகளும் இடம்பெறுகின்றன.

இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி, பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஏட்டில் உள்ளது வார்டில் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டமியற்றி, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற வரம்பை 2004 முதல் கட்டாயமாக்கியது. பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே, பிள்ளையைத் தடுக்க வேண்டாம். இடத்தைப் பார்த்துச் சேருங்கள். நான்காண்டு பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். அது இல்லையெனில் மூன்றாண்டு ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பு இருக்கிறது. கட்டடத்தையும் பேருந்தையும் காட்டிக் கட்டணம் பேசும் கல்லூரியில், பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே தினமும் எத்தனை நோயாளிகள், மாணவியோடு நின்று கற்றுத்தருபவர் யார் என்று கேளுங்கள். பணியாளர் குறைவுக்கு மாணவிகளை இட்டு நிரப்பும் இடங்களும் உண்டு. முடிந்தால் இரவு எட்டு மணிக்குமேல் அந்தப் பயிற்சி மருத்துவமனையின் வார்டைப் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா வார்டும் நன்றாகத்தான் தெரியும். படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும், சம்பளத்தைக் கேட்குமுன் ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள் என்று அவள் கேட்கட்டும்.

அடுத்த முறை தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வரும்போது மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அந்த இரவைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று அவள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.