புது தில்லி நிலையத்தில் கண்ட தமிழ்ச் சிறுவனை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தனியே வந்து, புது தில்லி நிலைய நடைமேடையில் காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் சிறுவனைச் சில நாள் உங்கள் வீட்டில் வைத்திருந்து ஊருக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பதைப்பு புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தாக வேண்டும். அவனை யாரிடம் ஒப்படைப்பது என்பதைக் அச்சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவே முடிவுசெய்யும். இன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். 1988 முதல் தில்லியில் தெருவோரக் குழந்தைகளுக்காக இயங்கிவரும் சலாம் பாலக் அறக்கட்டளையிடமும் ஆலோசனை கேட்கலாம். தங்குமிடம், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றோடு, வீட்டாரைத் தேடிச் சேர்க்கும் பணியையும் அவர்கள் செய்கிறார்கள்.

கையில் பணம் கொடுக்க வேண்டாம், பெரிய பையன்கள் பிடுங்கிக்கொள்வார்கள். சாப்பாடாக வாங்கிக் கொடுங்கள். அடிக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளை ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லக்கூடும் என்பதால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் உங்களிடம் தமிழில் வாய்திறந்ததே பெரிது. ஆகவே, குழுவின் முன் அவனை அழைத்துச் செல்லும்போது மொழிபெயர்க்க நீங்களும் உடன்வருவதாக 1098ஐ அழைக்கும்போதே சொல்லிவையுங்கள். இந்தி தெரியாத குழந்தையால் தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல முடியாமல்போனால், எந்த வீட்டுக்கு அஞ்சி ஓடிவந்தானோ அங்கேயே அவன் திருப்பி அனுப்பப்பட்டுவிடக்கூடும்.